பேய்க்குக் கேட்ட நியாயம்

மீஞ்சூரில் ரயில் ஏறியவரின் போனில் ஒருவன் பேய்ப்படத்துக்கு விமர்சனம் சொன்னான்: "மூளையக் கழட்டி வெச்சுட்டுப் பாருங்க." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மாவும் சித்தியும் பழவேற்காடு ஏரியில் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். இறால் போடும் ஓலைப்பறியைப் பல்லால் கடித்திருப்பதால் கரையேறும்வரை பேச்சே கிடையாது. ஒருநாள் கழுத்தளவுத் தண்ணீரில் அம்மா வாயைத் திறந்துவிட்டாள். முந்தின நாள் கொட்டகையில் பார்த்த படத்தில், தன்னை எரித்த புருஷனைப் பேய் மன்னித்திருந்தது.

"அவன இன்னாத்துக்குடி சும்மா வுட்டுச்சு அந்தப் பேயி?"

பறி கவிழ்ந்து இறாலெல்லாம் போயிற்று.

"எனக்கும் ஆறலக்கா," என்ற சித்தியின் பறியும் போயிற்று.

இறால் எங்கே என்று நைனா கேட்டார்.

"படம் எட்த்தவனப் போய்க் கேளு," என்றாள் அம்மா.

பேய்க்கு நியாயம் கேட்டு ஒருநாள் பிழைப்பையே விட்டவள். அவளையா மூளையைக் கழற்றி வைக்கச் சொல்கிறான்?