அந்நியராக இருக்கச் சம்பளம்

நெதர்லாந்தில் நான் பார்க்கும் வேலையைச் சொன்னால் ஊரில் ஒருவரும் நம்புவதில்லை. அங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் குழந்தை உளவியல் கூடத்தில் நான் அந்நியர். சத்தியமாக அதுதான் வேலை. தாயும் ஒரு வயதுக் குழந்தையும் விளையாடிக்கொண்டிருக்கும் அறைக்குள் முன்பின் தெரியாத ஒருத்தி நுழைய வேண்டும். முதலில் வாய் திறக்காமல் உட்கார வேண்டும். பிறகு தாயிடம் இரண்டு வார்த்தை பேசி, பிள்ளையை மெல்ல நெருங்க வேண்டும். சைகை காட்டியதும் தாய் வெளியே போவார், மூன்று நிமிடத்தில் திரும்புவார். எல்லாவற்றையும் கேமரா பதிவு செய்யும். தாய் போகும்போது பிள்ளை அழுகிறதா என்பதைவிட, அவர் திரும்பியதும் ஒட்டிக்கொண்டு தேறுகிறதா என்பதே முக்கியம். பாசப் பிணைப்பை அறிய இப்படி ஒரு முறை. பிள்ளையை அழவைத்துப் பாராட்டு வாங்கும் பிழைப்பு வேறு யாருக்கு வாய்க்கும்?

அந்த நாட்டில் அந்நியராக இருக்க எனக்குப் பயிற்சியே தேவைப்படவில்லை. ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்தார். அதன் அழகில் மயங்கி, கன்னத்தை வழித்துப் படபடவென்று நெட்டி முறித்தேன். அவர் பதறிப்போய், "மூட்டுவலியா? எனக்குத் தெரிந்த நல்ல மருத்துவர் இருக்கிறார்" என்றார். கண்ணேறு கழிப்பதை அவருடைய மொழியில் எப்படிச் சொல்வது? ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

இந்த ஆண்டு அதே சோதனையைத் தாமிரபரணிக் கரையில் நடத்திப் பார்க்க என் மேலாளர் மார்லீன் என்னை அனுப்பினார். ஓர் ஊரில் செல்லும் முறை இன்னோர் ஊரிலும் செல்லுமா என்பது கேள்வி. ஒரு பதிவாவது பிசகில்லாமல் வந்தால் ஆய்வு தொடரும், என் வேலையும் நீடிக்கும். இல்லாவிட்டால் இரண்டுமே போச்சு. ஏரலில் ஓர் அறை பிடித்து, பொம்மைகளைப் பரப்பி, கேமராவை மாட்டிவிட்டு, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

முதலில் செல்வி தன் மகனோடு வந்தாள். நான் நுழைந்து விதிப்படி மௌனமாக உட்கார்ந்தேன். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"எக்கா, உங்களுக்கு எந்த ஊரு?"

நான் சுவரைப் பார்த்தேன்.

"கேக்கேன்லா? மேலுக்குச் சொகமில்லையோ?"

"பாளையங்கோட்டை" என்று முனகினேன்.

"அங்கன யாரு மக?"

அப்பா பெயரைச் சொன்னதோடு முடிந்தது கதை. அவளுடைய மாமனார் அப்பாவிடம் பள்ளிக்கூடத்தில் படித்தவராம். "நம்ம வாத்தியார் மவளா! இதைச் சொல்லாம உம்முன்னு இருக்கிய!" என்று பிள்ளையைத் தூக்கி என் மடியில் போட்டாள். "அத்தைகிட்ட இருலே." அவன் என் அடையாள அட்டையை வாயில் வைத்துச் சப்பத் தொடங்கினான். வேறு வழியில்லாமல், வெளியே போகும்படி செல்விக்குச் சைகை காட்டினேன். "சரிக்கா, பைய வாரேன்" என்று போனவள் முக்கால் மணி கழித்து மீன் பையோடு வந்தாள். "பிள்ளைய வச்சிக்கிட ஆளு இருக்குன்னு அப்படியே கடைக்குப் போயிட்டேன்." தாயைக் கண்டு தேற வேண்டிய மகன் என் தோளில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

பதிவைப் பார்த்துவிட்டு மார்லீன் அழைத்தார். "அந்தத் தாய்க்கு உடம்பு சரியில்லையா?"

"இல்லை. மீன் வாங்கப் போனார்."

"உன்னை அவருக்கு முன்பே தெரியுமா?"

"தெரியாது. அங்கே வைத்துத்தான் தெரிந்தது."

அடுத்தடுத்து வந்த தாய்மார்களும் தெரு, பள்ளிக்கூடம், கல்யாண வீடு என்று ஏதாவது ஒரு நூலைப் பிடித்து என்னை உறவாக்கிவிட்டார்கள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. வேலை போய்விடுமே என்ற பயமும் கூடவே இருந்தது.

எங்கள் துறையில் ஒரே குழந்தையை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வது நெடுங்கால ஆய்வு. வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒரே சமயத்தில் பார்த்து ஒப்பிடுவது குறுக்குவெட்டு ஆய்வு. ஊரில் இருப்பவர்களுக்கு உறவெல்லாம் நெடுங்காலம். என்னைப் போல விமானமேறிப் பிழைப்பவர்களே, நமக்குக் கிடைப்பது லீவுக்கு லீவு ஒரு குறுக்குவெட்டு மட்டும்தான். போன முறை தவழ்ந்தது இந்த முறை ஓடும். நடுவில் நடந்தது நமக்குத் தெரியாது.

கடைசி நாள் என் தங்கை கோமதி கோயம்புத்தூரிலிருந்து நேரே ஏரலுக்கு வந்து இறங்கினாள். இடுப்பில் அவளுடைய ஒரு வயது மகள் யாழினி. நான் நாட்டை விட்டுப் போன பிறகு பிறந்தவள். தினமும் வீடியோவில் என்னைக் கொஞ்சி, கோமதியின் போனை எச்சிலாக்குபவள். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினேன். என்னைப் பார்த்ததும் தாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்து வீறிட்டாள்.

"ஏட்டி, பெரியம்மால்லா! தெனமும் பாக்கியே!" என்றாள் கோமதி.

எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? கேமராவில் சார்ஜ் இருக்கிறதா என்பதுதான். கோமதியிடம் விவரத்தைச் சொல்லிச் சம்மதம் வாங்கி உள்ளே உட்காரவைத்தேன். பாடப்புத்தகத்தில் இருப்பது அப்படியே நடந்தது. நான் நெருங்கியதும் ஒடுங்கினாள். தாய் வெளியேறியதும் அழுதாள், நான் தேற்றப் போக என் கையைத் தட்டிவிட்டாள். தாய் திரும்பியதும் தாவி ஒட்டிக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் பொம்மைக்குத் திரும்பினாள். நான் கைதட்டிக் குதித்தேன். அதற்கும் அழுதாள்.

"இவள் என் தங்கை மகள். கணக்கில் சேருமா?" என்று மார்லீனைக் கேட்டேன்.

"உன்னை இதற்கு முன் நேரில் பார்த்திருக்கிறாளா?"

"தினமும் போனில் பேசுவோம்."

"நேரில்?"

"இல்லை."

"அப்படியானால் நீ அந்நியர்தான். அருமை, பதிவை அனுப்பு."

அனுப்பினேன். வேலை பிழைத்தது. கோமதியைக் கட்டிக்கொண்டு சிரித்தேன். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது.

"வேலை நெலச்சதுக்கு அழுதியா, பிள்ள அண்டாததுக்கு அழுதியா?"

"ரெண்டுக்குந்தாம்ட்டி."

கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு வழி சொன்னாள். "நீ வெளிய போயி போனைப் போடு."

தெருவில் நின்று அழைத்தேன். உள்ளே ஒரே கூச்சல், கும்மாளம். திரையில் யாழினியின் உதடுகள் முத்தத்துக்கு மேல் முத்தமாக வந்தன. போனை முகத்துக்கு நேரே பிடித்தபடி பைய வாசல் வரை வந்தேன். ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், உதடு பிதுங்கியது. உடனே போனுக்குக் குனிந்து, அதிலிருந்த பெரியம்மாவுக்கு இன்னொரு முத்தம் கொடுத்தாள். உள்ளே கால் வைத்தால் அழுவாள், அழைப்பைத் துண்டித்தாலும் அழுவாள். வாசற்படியிலேயே நின்று, போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.