பன்றிக் கருவும் என் கைராசியும்

பன்றிக் கருவை வளர்ப்பது பச்சைப்பிள்ளையை வளர்ப்பதைவிடக் கஷ்டம். பிள்ளையாவது பசித்தால் அழும். திருவொற்றியூரில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் எனக்கு இதுதான் வேலை. கறிக்கூடத்திலிருந்து வரும் பன்றிச் சினைப்பையில் முட்டை எடுத்து, கருவாக்கி, கரைசலில் விட்டு, தாய் வயிற்றுச் சூட்டிலேயே இன்குபேட்டரில் வைப்போம். ஆறாம் நாள் குட்டிப் பந்து மாதிரி உப்பினால் ஜெயிச்சோம். எங்களுடையது பாதியிலேயே செத்துக்கொண்டிருந்தது. கரைசலை மாற்றினோம், உள்ளே போகிற காற்றை மாற்றினோம். மனுஷங்களைத்தான் மாற்ற முடியவில்லை. அடுத்தவர் தப்புக்குத் திட்டு வாங்கியவர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஐஸ்

சினைப்பையைக் கொண்டுவருபவர் ஆட்டோக்கார அருள் அண்ணன். விடிந்ததும் காசிமேட்டு மீன் ஏற்றுவார், அப்புறம் எங்கள் பிளாஸ்க். வெதுவெதுன்னு வரணும், பன்றி முட்டைக்குக் குளிர் ஆகாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். ஒரு வெயில் நாளில் பிளாஸ்கைத் திறந்தால் ஜில்லென்று இருக்கிறது. மீன் பெட்டியில் மிச்சமிருந்த ஐஸை அள்ளிப் போட்டிருக்கிறார் மனுஷன். அத்தனையும் வீண். நான் ஏன் கத்துகிறேன் என்றே அவருக்குப் புரியவில்லை.

"இன்னா தங்கச்சி, நல்லது பண்ணா கோச்சிக்கினு கீற? ஐஸ் இல்லாம காசிமேட்ல ஒரு நெத்திலிகூட வண்டி ஏறாது."

விருந்தாளி

எங்கள் தலைமை, மேடம். விருந்தாளி வராதவரை நல்லவர்தான். யார் வந்தாலும் இன்குபேட்டர் கதவைத் திறந்து காட்டிவிடுவார். ஒரு தடவை திறந்தால் உள்ளே சூடும் காற்றும் பழையபடி ஆக நேரமெடுக்கும், கரு தாங்காது. தூளியில் தூங்குகிற பிள்ளையை வந்தவர் போனவரெல்லாம் விலக்கிப் பார்த்தால் பெற்றவள் விடுவாளா? என் பொண்ணு என்றால் நான் விட்டிருப்பேனா?

ஒரு முறை அப்படித் திறந்து காட்டிய பிறகும் கரு செத்தது. கதவுதான் காரணம் என்றேன். மேடமோ, இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆள் பார்க்கப்போவதாகச் சொல்லிவிட்டு, தன் காரணத்தையும் சொன்னார்.

"தப்பா நினைக்காத, உனக்குக் கைராசி இல்லையோன்னு தோணுது."

ஆயுத பூஜை

கடைசி வாய்ப்பென்று வைத்த கரு உள்ளே இருக்கும்போதா ஆயுத பூஜை வர வேண்டும்? மேடம் சாம்பிராணித் தட்டோடு வந்தார், இன்குபேட்டருக்குக் கற்பூரம் காட்ட. புகை பட்டால் கரு போச்சு. மணலி ஆலைகளின் புகைக்காற்று அடிக்கிற நாளில் ஜன்னலையே திறக்காதவள் நான். வாசலை மறித்து நின்றேன். சாமி குத்தம் என்றார், திமிர் என்றார். வேலை போனாலும் போகட்டும் என்று நான் நகரவில்லை. கடைசியில் வெளியிலேயே பூஜையை முடித்து, மூடிய அறைக் கதவில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கட்டிவிட்டுப் போனார். பூஜை போட்ட கதவைச் சும்மா சும்மா திறந்தால் ராசி போயிடும் என்று நானும் ஒரு போடு போட்டேன். அதற்கப்புறம் ஒரு விருந்தாளிகூட உள்ளே வரவில்லை.

ஆறாம் நாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், பூரி மாதிரி உப்பி உட்கார்ந்திருக்கின்றன. மேடமும் குனிந்து பார்த்தார். கண் கலங்கி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"நான் சொன்னேன்ல, எல்லாம் அந்த எலுமிச்சம்பழம்தான்."

செத்தால் என் கைராசி, பிழைத்தால் எலுமிச்சம்பழம் என்று ஆகிவிட்டதால், அந்தப் பழம் வாடாமல் பார்த்து மாற்றுவதும் இப்போது என் வேலையில் சேர்ந்துவிட்டது.