மலைக்கு நாலு டயர்

மப்கூத்துக்குப் பயம் முதலில் உள்ளங்கையில்தான் வரும். ஹைல் கிராமத்திலிருந்து இறங்கும் மண்பாதையில் மூன்றாவது கொண்டை ஊசி வளைவு கண்ணில் படும்போதே ஸ்டீயரிங் நனைந்துவிடும். அன்று காலை, முந்தின நாள் மழையில் சரளைக்கல் வழுக்கிக் கிடக்க, மொட்டை டயர் நாலும் பிரேக்கைக் கொஞ்சமும் மதிக்காமல் ஜீப்பை விளிம்பு வரைக்கும் தள்ளிக்கொண்டு போயின. ஒரு முழம் மிச்சமிருக்கும்போது வண்டி நின்றது. கீழே, வாதி எனும் வறண்ட ஆற்றுப்பள்ளத்தின் அடிமட்டத்தில், ஈச்சமரங்கள் கீரைப்பாத்தி அளவுக்குத் தெரிந்தன.

“அபூ ஹிலால், பள்ளத்தைப் பாக்கணும்னா இறங்கி நின்னு பாக்கலாமே,” என்றாள் பக்கத்தில் இருந்த அவர் மனைவி ஜுவைனா. ஹிலாலின் அப்பா என்றுதான் அவரைக் கூப்பிடுவாள். “வண்டியோட எதுக்கு எட்டிப் பாக்கறே?”

“பிரேக்கு கொஞ்சம் லேட்டாப் பிடிக்குது.”

“லேட்டாவாவது பிடிச்சுதே. எடு, மெஷின் எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காது.”

ஞாயிறு, செவ்வாய், வியாழன். வாரத்தில் மூன்று நாள் ருஸ்தாக் ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் டயாலிசிஸ் மெஷினில் படுத்தால்தான் ஜுவைனாவின் ரத்தம் சுத்தமாகும். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு மூன்று வருஷமாகிறது. டவுனிலேயே வீடு பார்க்கலாமே என்று மஸ்கட்டிலிருந்து மகன் ஹிலால் எத்தனையோ தடவை சொல்லிவிட்டான். “மெஷினோட நாலு மணி நேரம் போதும். மிச்ச நேரம் என் மாதுளை மரத்தோட இருந்துக்கறேன்” என்று அவள் பிறந்த மலைக்கே போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் பின்னாலேயே மப்கூத்தும் மலையேறினார்.

அவரோ மலைக்காரர் அல்ல. பிதியா மணலில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் வண்டி ஓட்டக் கற்று, சுவர் மாதிரி நிற்கும் மணல்மேட்டிலிருந்து பாட்டுப் பாடிக்கொண்டே இறங்கியவர். யார் வண்டி எங்கே புதைந்தாலும் “மப்கூத்தைக் கூப்பிடு” என்பார்கள். மணலில் வண்டி கவிழ்ந்தால் சட்டையை உதறிக்கொண்டு எழுந்து வரலாம். இங்கே விழுந்தால் பொறுக்குவதற்குத்தான் ஆள் வேண்டும். இந்த வித்தியாசம் முதல் நாளே அவருக்குப் பயமாக ஒட்டிக்கொண்டது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஐம்பத்தெட்டு வயசில், அதுவும் பாலைவனத்துப் பதூவாகப் பிறந்தவன், ரோட்டைப் பார்த்துப் பயப்படுகிறேன் என்று எந்த வாயால் சொல்வான்?

ஜுவைனாவை நர்சிடம் ஒப்படைத்துவிட்டு நேராக ஷம்பேயின் டயர் கடைக்குப் போனார். ஷம்பே பலூச்சி. கடைக்கு வருபவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன் டயரைப் பார்க்கிற ஆள். குனிந்து கட்டைவிரலால் ஒரு தடவு தடவினான்.

“இதுலயா வந்தே? அந்த ரோட்ல? உம்மு ஹிலாலையும் ஏத்திக்கிட்டு?”

“வந்துட்டேனே.”

“அல்லா கொண்டாந்து விட்டிருக்கான். திரும்பிப் போறதுக்கும் அவனையே தொந்தரவு பண்ணாதே. நாலையும் மாத்து.”

மூன்று வகை உருட்டி வந்து நிறுத்தினான். ஒன்று, பெரிய பெரிய பட்டன் வைத்த சேற்று டயர். மப்கூத் அதைப் பார்க்கக்கூட இல்லை. தார் ரோட்டில் அது போடும் சத்தத்தில் மெஷினிலிருந்து வரும் மனுஷிக்குத் தலை பிளந்துவிடும். இன்னொன்று மணல் டயர். அகலமாக, வழுவழுவென்று, மணலை வெட்டாமல் மேலேயே மிதக்கிற ஜாதி. நாற்பது வருஷம் அவர் ஓட்டியது அதைத்தான். மூன்றாவது, எல்லா நிலத்துக்குமான ஆல் டெர்ரெய்ன்.

“இதைப் போடு,” என்று ஷம்பே மூன்றாவதைத் தட்டினான். “மணல்ல டயர் மிதக்கணும். உன் மலையில கல்லைக் கவ்வணும். தார்ல அலறாம ஓடணும். இது எதுலயும் முதல் மார்க் வாங்காது, எதுலயும் பெயிலும் ஆகாது.”

“ஈரக் கல்லுல நிக்குமா?”

“நிக்கும்.”

“டயரோட பக்கவாட்டுல கல்லு கிழிச்சுடாதே?”

“மூணு அடுக்கு போட்டிருக்கான். அமுக்கிப் பாரு.”

மப்கூத் அமுக்கினார். மாட்டுத் தோல் மாதிரி முரடாக இருந்தது. செய்த தேதியைக் காட்டச் சொன்னார். காட்டினான், இந்த வருஷத்துச் சரக்கு. வெயிலில் போட்டு வைத்திருந்தாயா என்றார்; உள்ளே நிழலில் இருந்தது என்றான். சுற்றிவிட்டு வந்து மறுபடியும், “ஈரக் கல்லுல நிக்கும்ல?” என்றார்.

“யோவ், டயர் வாங்க வந்தியா, பொண்ணு கட்டிக் குடுக்க வந்தியா?”

ஷம்பே சிரித்தான். மப்கூத்துக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் மிச்சமிருந்த அந்த ஒரு முழம் இன்னும் கண்ணிலேயே நின்றது. கால் தானாக மணல் டயர் பக்கம் போயிற்று. அதன் மேல் கை வைத்தார். இந்த நாலையும் மாட்டிக்கொண்டு கிழக்கே திரும்பினால் சாயங்காலத்துக்குள் பிதியா. அண்ணன் தம்பிகள் காபி ஊற்றுவார்கள். பள்ளம் கிடையாது, வளைவு கிடையாது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக அவள் அண்ணன் மகன் ஹாரிப் இருக்கிறான். புது வண்டி, இளவட்டம், மலையிலேயே பிறந்தவன். எத்தனையோ தடவை கேட்டுவிட்டான், “நான் கூட்டிட்டுப் போறேனே மாமா” என்று. அந்த நினைப்பு வந்ததே மப்கூத்துக்கு அவமானமாக இருந்தது. கையை எடுத்துத் திஷ்தாஷா அங்கியில் துடைத்துக்கொண்டார்.

“அந்த மூணாவதையே மாட்டு.”

மாட்டி முடித்த ஷம்பே, “காத்து முப்பத்தஞ்சு வச்சிருக்கேன். கை வைக்காதே,” என்றான்.

“நான் என்ன சின்னப் பிள்ளையா?”

“மணல்காரன் கை சும்மா இருக்காதுப்பா. தார் முடிஞ்சா திறந்து விட்டுடுவீங்க.”

திரும்பும்போது ஜுவைனா கண்ணாடியில் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ஊசி ஏற்றிய கையில் கட்டு. மெஷினிலிருந்து எழுந்தால் அவளுக்குப் பேசக்கூடத் தெம்பிருக்காது. மப்கூத்துக்கு அந்த மௌனம் வேறு பயம். மலைமேல் மேகம் கறுத்துக் கிடந்தது. தார் முடிந்து மண்பாதை தொடங்கிய இடத்தில் தூறல் பிடித்துக்கொண்டது. புது ரப்பர், முதல் ஏற்றத்திலேயே பின்பக்கம் லேசாக நழுவியது. நழுவினதுதான் தாமதம், பிரேக்கில் கால் ஏறியது.

வண்டியை நிறுத்தி இறங்கினார். என்ன செய்கிறோம் என்று யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டார். பிதியாவில் தார் முடிகிற இடத்தில் வண்டிகள் வரிசையாக நிற்கும். ஆளாளுக்குக் குத்துக்காலிட்டு வால்வில் குச்சியை அழுத்தி நாற்பது வரை எண்ணுவார்கள். காற்று குறைந்தால் டயர் பரந்து படியும், வண்டி அடங்கும். தொழுகைக்கு முன் கை கழுவுகிற மாதிரி அது உடம்பில் ஊறிப்போனது. பயந்துபோன கை அதைத்தான் செய்தது. நாலு டயர், நாலு நாற்பது.

“என்ன சத்தம்?” என்றாள் ஜுவைனா, கண்ணைத் திறக்காமலே.

“சும்மா செக் பண்றேன். நீ தூங்கு.”

முதல் வளைவு மெத்தென்று போனது. இரண்டாவதும் அப்படியே. பரவாயில்லை என்று மூச்சு விட்டார். மூன்றாவதில் ஸ்டீயரிங்கை முழுசாக இடப்பக்கம் ஒடித்தபோது, வண்டியின் பாரமெல்லாம் வலது முன் சக்கரத்தில் இறங்கியது. காற்று குறைந்த டயர் ஒரு கூர்ங்கல்லில் மடங்கி, ரிம்மை விட்டுக் கழன்றது. இரும்பு கல்லில் உரசும் சத்தம். ஜீப் நின்றது, பிறகு மெதுவாக, தாராளமாக நேரம் எடுத்துக்கொண்டு, பின்னால் சறுக்க ஆரம்பித்தது.

பள்ளம் ஜுவைனாவின் பக்கம் இருந்தது. மப்கூத் பிரேக்கை மிதித்தார், கைபிரேக்கைப் பிடுங்கினார், “யா ரப், யா ரப்” என்று கத்தினார். பின்சக்கரம் விளிம்புக் கல்லில் முட்டி நின்றது. ஒரு சின்னக் கல் உருண்டு போய், வெகுநேரம் கழித்து எங்கோ விழுந்தது.

அவளைத் தன் பக்கக் கதவு வழியாக இழுத்து இறக்கிப் பாறை ஓரம் உட்கார வைத்தார். சக்கரங்களுக்குக் கல் கொடுத்தார். ஜாக்கியை வைத்து ஸ்பேனரை எடுத்தால், அது நட்டில் உட்காரவே மாட்டேன் என்கிறது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“காத்தை நான்தான் இறக்கிவிட்டேன். கல்லுப் பாதையில எவனாவது அவ்வளவு இறக்குவானா? பயத்துல செஞ்சுட்டேன் ஜுவைனா. மூணு வருஷமா எனக்குப் பயம். ஒவ்வொரு தடவையும் பயம்.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“மணல் ஊர்ல பாட்டு நிறுத்தாம ஓட்டினவன், இங்க வந்து மூச்சுகூட விடாம ஓட்டுறான். எனக்கென்ன கிட்னிதானே போச்சு, கண்ணுமா போச்சு?”

அவர் எழுந்து ஸ்டெப்னியை மாட்டினார். வண்டியிலிருந்த கம்ப்ரஸரை வைத்து மிச்ச மூன்று டயருக்கும் முப்பத்தைந்து ஏற்றினார். தூறல் நின்றிருந்தது. வளைவு அப்படியேதான் இருந்தது.

“நீ நடந்து அந்தப் பக்கம் போயிடு. நான் தனியா ஏத்திட்டு வர்றேன். ஏதாச்சும் ஆனாலும் நீ தப்பிச்சுடுவே.”

“அப்புறம் வியாழக்கிழமை யாரு கூட்டிட்டுப் போவா?”

“ஹாரிப் இருக்கானே.”

“அவன் ஒரு கையில போனை வச்சுக்கிட்டு ஓட்டுவான். அவன் வண்டியில நான் ஏறமாட்டேன்.” ஜுவைனா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் குரல் இறங்கிவிட்டது. “காலைல அந்த விளிம்புல நின்னப்ப உன் மூஞ்சியைப் பாத்தேன். அப்புறம் டயர் வாங்கப் போறேன்னு சொன்னே. இந்த ஆளு மணல் டயரை மாட்டிக்கிட்டு அப்படியே ஊரைப் பாக்கப் போயிடுவான், மெஷின் நின்னதும் வாசல்ல யாரும் இருக்கமாட்டாங்கன்னு படுத்துக்கிட்டே நினைச்சேன். நர்சு வந்து ‘என்னம்மா, பிரஷர் இப்படி ஏறுது’ன்னு கேக்குறா. என்னத்தைச் சொல்ல?”

மப்கூத்துக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. “மணல் டயரைத் தொட்டுப் பாத்தேன்.”

“தொட்டா தொட்டுட்டுப் போ. வந்துட்டேல்ல.”

அவள் பாறையைப் பிடித்து எழுந்தாள். சுற்றிக்கொண்டு போய், விளிம்போரமாக ஒவ்வொரு அடியாக வைத்து, பள்ளத்துப் பக்கத்துக் கதவைத் திறந்து தன் இடத்தில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டினாள். மப்கூத்தும் ஏறினார். சாவியைத் திருப்பினார். கால் கிளட்சிலேயே நின்றுவிட்டது.

“பயமா இருக்கு,” என்றார்.

“எனக்கும்தான்,” என்றாள் ஜுவைனா. “எடு.”