நடுக் கண்ணில் மாட்டிய கத்தரிக்காய்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆளைக் காப்பாற்றும் கயிற்றுப்பையைக் கரையில் நிற்பவரிடம் கொடுக்க வேண்டும். காப்பாற்றப்பட வேண்டியவனே படகில் வைத்துக்கொண்டு போகக் கூடாது. இருபத்திரண்டு வருடமாக முதல் வகுப்பில் நான் சொல்லித்தருவது இதைத்தான்.

நான் திருப்பனந்தாள் பக்கத்துக்காரன். பிழைத்தது வடக்கே, ஒரு மலை நகரத்தை ஒட்டிச் சரிந்து இறங்கும் ஆற்றில், கயாக் என்னும் ஒற்றை ஆள் துடுப்புப் படகுக்குப் பயிற்சியாளனாக. பாறைக்குப் பாறை நுரை தள்ளும் தண்ணீர். அதில் உழன்றவனுக்குச் சமவெளித் தண்ணீரைப் பார்த்தால் கொஞ்சம் இளக்காரம் வரும். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே வந்தது.

குறுவைக்குத் தண்ணீர் விட்டிருந்த சமயம், தஞ்சாவூர்ப் பக்கம் முப்பது தீயணைப்பு வீரர்களுக்கு வெள்ள மீட்புப் பயிற்சி தரக் கூப்பிட்டார்கள். இடம், ஆற்றின் குறுக்கே கண் கண்ணாக ஷட்டர் வைத்துக் கட்டிய ஒரு ரெகுலேட்டர். என் ஊதா நிறக் கயாக்கை நிலைய அதிகாரி சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இந்தக் கத்தரிக்காயில ஒக்காந்து யாரை சார் காப்பாத்துறது? இன்னைக்குப் பாக்குறேன். சரிப்படலன்னா ரப்பர் படகே போதும்னு எழுதிடுவேன்."

ஒரே ஆட்டத்தில் அவர் வாயை அடைக்க நினைத்தேன். ஷட்டருக்குக் கீழே நுரைக்கிற தண்ணீரில் படகை ஏற்றி நிறுத்திக் காட்டுவதாகத் திட்டம். ஷட்டரை ஏற்றி இறக்கும் லஸ்கர் மலர்க்கொடி, என் மகளைவிடச் சின்னவர், மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"சார், நடுக் கண்ணுகிட்ட மட்டும் போவாதீங்க. கீழ தண்ணி திரும்பி உள்ள இழுக்கும்."

"ஏம்மா, நான் இமயமலைத் தண்ணியவே பாத்தவன். இது வாய்க்கா."

அவர் ஷட்டர் கைப்பிடிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

நேரே நடுக் கண்ணுக்கே படகை விட்டேன்; தண்ணீர் உள்ளே இழுத்துக்கொண்டது. மலையாற்றுச் சுழலுக்கு எங்காவது ஒரு வாசல் இருக்கும். பாறை கோணல்மாணலாகக் கிடப்பதால் ஓர் ஓரத்தில் நழுவி வந்துவிடலாம். ரெகுலேட்டரை ஏதோ ஒரு புண்ணியவான் மட்டம் பிடித்துக் கட்டியிருக்கிறார்; வாசலே இல்லை. படகு குறுக்கே திரும்பிற்று. இந்தப் பக்கம் துடுப்புப் போட்டால் சுவர், அந்தப் பக்கம் போட்டாலும் சுவர். கவிழ்ந்தேன். ரோல் போட்டு, படகோடு ஒரு சுற்று உருண்டு நிமிர்ந்தேன். கரையில் விசில் பறந்தது. உதவிக்குக் கையைத் தூக்கினேன். முப்பது பேரும் சந்தோஷமாகத் திருப்பிக் கையாட்டினார்கள்.

"டேய், வீடியோ எடுங்கடா! சார், இன்னொரு வாட்டி!" என்றார் அதிகாரி.

இன்னொரு வாட்டியும் கவிழ்ந்தேன். வேண்டுமென்று அல்ல. அரைப்படி காவிரியைக் குடித்துவிட்டு நிமிர்ந்தபோது கைகள் ஓய்ந்துவிட்டன. கயிற்றுப்பை என் முதுகுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது.

அப்போது மேலே கரகரவென்று சத்தம். ஷட்டர் விரற்கடை விரற்கடையாக இறங்கியது. நுரை சுருங்கிற்று. தண்ணீர் பிடியை விட, கத்தரிக்காய் சாதுவாக மிதந்து கரைக்கு வந்தது. ஒரே கைதட்டல்.

அதிகாரி கைகொடுத்துத் தூக்கினார். "தப்பா நெனச்சுட்டேன் சார், கலக்கிட்டீங்க! நாலு பேரு ரெடியா நிக்கிறாங்க. அடுத்து யாரை எறக்கலாம்?"

நாலு பேரும் லைஃப் ஜாக்கெட் மாட்டி, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் என் மானம் தப்பும். அவர்களில் ஒருவர் தப்ப மாட்டார்.

"யாரும் எறங்க வேணாங்க. அது வித்தை இல்ல. மாட்டிக்கிட்டேன். அந்தப் பொண்ணு ஷட்டரை எறக்கலன்னா இந்நேரம் என்னைத்தான் தேடிக்கிட்டு இருப்பீங்க."

அதிகாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்பப் பயிற்சி கண்டிப்பா வேணும் சார். மொதல்ல உங்களுக்கு!"

வகுப்பைக் கீழே அமைதியான தண்ணீருக்கு மாற்றினோம். முதல் பாடம், கயிறு எறிவது. இலக்கு நான். முப்பது பேரும் ஆசை தீர என் தலையில் எறிந்தார்கள்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எந்தத் தண்ணீரானாலும், அதைத் தினம் பார்க்கிறவர் ஒருவர் இருப்பார். இறங்குவதற்கு முன் அவரைக் கேளுங்கள். கேட்டபின், அவர் சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். நான் விட்டது அதைத்தான்.

டீ குடிக்கும்போது மலர்க்கொடியிடம் கேட்டேன்: "இத்தனை பேரும் கைதட்டுனாங்க. நான் மாட்டிக்கிட்டேன்னு உங்களுக்கு மட்டும் எப்படிம்மா தெரிஞ்சுச்சு?"

"நேத்து பூரா ஒரு வாழமட்டையும் அங்கதான் சார் ஆடுச்சு."