என் மாமனார் பேசாத தமிழ்

என் மாமனார் வாயை மூடிக்கொண்டு இருந்தார் என்றால் அவரை அறிந்த எவரும் நம்ப மாட்டார்கள். அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். தாம்பரத்திலிருந்து பாரிமுனை வரைக்கும் வாய் ஓயாமல் போய்வந்த மனிதர். அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருமுனையில் நின்று அவர் காய்கறிக்காரரிடம் பேசினால் எங்கள் சமையலறையில் கேட்கும். அப்படிப்பட்டவரை அவருடைய பேரனிடம் மட்டும் பேச விடாமல் வைத்திருந்தோம். நானும் என் கணவரும் சேர்ந்து செய்த காரியம் இது. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அதனால்தான் இன்னும் அதிகமாக வலிக்கிறது.

மகனுக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. ஆட்டிசம் என்றார்கள். பேச்சுப் பயிற்சிக்கு முதலில் போன இடத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். "ரெண்டு லாங்வேஜ்ல பேசினா குழந்தை குழம்பிடும் மேடம். எப்படியும் இங்கிலீஷ் மீடியம்லதானே போடப்போறீங்க? வீட்லயும் இங்கிலீஷ்லயே பேசிடுங்க." நான் பள்ளியில் கணக்கு எடுக்கிறவள். விதி என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் போதும், உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொள்வேன். போதாக்குறைக்கு அவன் போனில் பாட்டுக் கேட்டு ஏ, பி, சி என்று முணுமுணுக்கத் தொடங்கியிருந்தான். வேறென்ன ஆதாரம் வேண்டும்?

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நடந்த கூத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். குழம்பில் உப்புப் போதவில்லை என்று நானும் கணவரும் தமிழில் சண்டை போடுவோம். மகன் பக்கம் திரும்பியதும் செய்தி வாசிப்பவர்கள் மாதிரி முகத்தை மாற்றிக்கொண்டு "டிரிங்க் வாட்டர், கண்ணா" என்போம். அந்தக் 'கண்ணா' மட்டும் எப்படியோ தப்பித்துவிட்டது. இங்கிலீஷில் எனக்குப் பாடம் நடத்த வரும். பிள்ளையைக் கொஞ்ச வராது.

மாமாவுக்கு அதுவும் இல்லை. பஸ்ஸைக் கிளப்ப 'ரைட்', நிறுத்த 'ஹோல்டான்', இரண்டும்தான் அவருடைய இங்கிலீஷ். "இன்னாம்மா, நான் தமிழ்ல பேசினா புள்ளைக்குக் கெடுதலா?" என்று ஒரு தடவை கேட்டார். "கொஞ்ச நாளைக்குத்தான் மாமா" என்றேன். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. 'கம்', 'சிட்', 'ஈட்' என்று சில வார்த்தைகளை என் கணவரிடம் கற்றுக்கொண்டார். யாராவது போன் செய்தால் மொட்டை மாடிக்குப் போய்ப் பேசினார். எங்கள் மூவரில் அந்த விதியை ஒழுங்காகக் காப்பாற்றியவர் அவர்தான்.

ஒரு ஐப்பசி மழையின்போது தாத்தாவும் பேரனும் ஜன்னலில் நின்றிருந்தார்கள். "ஏம்மா, மழைக்கு இன்னா சொல்லணும்?" என்று என்னைக் கேட்டார். "ரெயின், மாமா." அவர் "ரெயின்" என்றார். மகனும் "ரெயின்" என்றான். அவ்வளவுதான், பேச்சு முடிந்துவிட்டது. முடிச்சூர் ரோட்டில் இடுப்பளவுத் தண்ணீரில் பஸ் நின்றபோது, அவர் டிக்கெட் பையைப் பல்லில் கடித்துக்கொண்டு ஜனங்களை ஒவ்வொருவராக இறக்கிவிட்ட கதை எங்கள் சொந்தக்காரர்களுக்கெல்லாம் மனப்பாடம். அதைக் கேட்காத ஒரே ஆள் அவர் பக்கத்தில் நின்றிருந்தான். மாமா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி மழையைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் சமையலறைக்குத் திரும்பிப் போனேன்.

மகனுக்குப் பேச்சு வந்தது, மெதுவாக, இங்கிலீஷில். பசித்தால் கேட்பான், வேண்டாம் என்றால் சொல்வான். அதற்கே நன்றி சொல்ல நாங்கள் கோயில் கோயிலாகப் போய்வந்தோம். ஆனால் தெருப் பிள்ளைகள் தமிழில் விளையாடினார்கள். இவன் வாசல் கேட்டுக்கு உள்ளே நின்று பார்ப்பான். கடைக்காரர் எதையாவது கேட்டால் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொள்வான். வெட்கம் என்று நான் சொல்லிச் சமாளிப்பேன்.

ஒன்பது வயதில் மேடவாக்கத்தில் வேறொரு பயிற்சியாளரிடம் சேர்த்தோம். சின்னப் பெண். வீட்டில் என்ன பேசுவீர்கள் என்று கேட்டாள். "நாங்க தமிழ்தான். அவன்கிட்ட மட்டும் இங்கிலீஷ்" என்று பெருமையாகவே சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அதெல்லாம் அவசியமே இல்ல மேடம். ரெண்டு பாஷையால குழந்தைங்க குழம்ப மாட்டாங்க. உங்களுக்கு எதுல மனசுவிட்டுப் பேச வருதோ அதுலயே பேசுங்க" என்றாள். அதற்கு மேல் அவள் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. மாமா முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன். "மாமா, இனிமே நீங்க அவன்கிட்ட தமிழ்லயே பேசலாமாம்." அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "நெசமாவா?" என்றார். எழுந்து போய் முகம் கழுவி, தலைவாரிக்கொண்டு வந்தார், டூட்டிக்குக் கிளம்புகிறவர் போல.

மகன் கூடத்தில் உட்கார்ந்து கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பிடித்த வேலை அது. மாமா எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "கண்ணா, தாத்தா டூட்டில இருக்கசொல்ல ஒருத்தன் ஆட்டுக்குட்டியத் தூக்கினு பல்லாவரத்துல ஏறிட்டான்டா. ஆட்டுக்கு டிக்கெட் எடுய்யான்னா, அது மடியிலதான கீது, எதுக்கு டிக்கெட்டுன்றான்…" குரல் பழையபடி கணீரென்று ஏறியது. கைகள் தாமாகவே ஆட்டுக்குட்டியைத் தூக்கின.

மகன் இலையை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். மறுபடி அவரைப் பார்த்தான். எழுந்து போய், கறிவேப்பிலை வாசனையோடு இருந்த தன் இரண்டு கைகளாலும் தாத்தாவின் கன்னங்களைப் பிடித்து, அவர் முகத்தை மெல்ல என் பக்கம் திருப்பினான். "மம்மி தேர்" என்றான், அம்மா அங்கே இருக்கிறாள் என்று வழி தவறியவருக்கு உதவுகிற மாதிரி. தமிழ் என்பது பெரியவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வது. அத்தனை வருடங்களில் நாங்கள் சொல்லிக்கொடுத்ததில் அவன் தப்பில்லாமல் கற்றுக்கொண்டது அதுதான்.

மாமா கதையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் நான் அழுதுவிடுவேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்தபடியே ஆட்டுக்குட்டியைக் குரோம்பேட்டை தாண்டி, தாம்பரம் பேருந்து நிலையம் வரைக்கும் கொண்டுபோனார். மகன் திரும்பவும் கறிவேப்பிலைக்குப் போய்விட்டான். நான் 'ம்' கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.