இரவல் தப்புகள்

வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்குள் அவரைச் சுற்றி ஆள் சேர்ந்துவிடும். "அண்ணே, நாளைக்கு எனக்கு ஒரு தப்பு வேணுமே."

அவர் மென்றுகொண்டே கேட்பவரின் முகத்தைப் பார்ப்பார். "போன வாரம் என்ன சொன்னே?"

"லேபிளை மாத்தி ஒட்டிட்டேன்னு சொன்னேன்."

"அப்போ இந்த வாரம் லேபிள் பக்கமே போகாதே. ஸ்குரூவை அதிகமா முடுக்கிட்டேன், ஃபிரேம்ல விரிசல் விழப் பாத்துது, நல்லவேளை கண்டுபிடிச்சிட்டேன்னு சொல்லு. அந்த நல்லவேளையை மட்டும் விட்டுடாதே. உசிரே அதுலதான் இருக்கு."

கண்ணாடிக் கடைகள் அனுப்பும் ஃபிரேம்களுக்கு லென்ஸ் அறுத்துப் பொருத்தித் தரும் பட்டறை அது. பதினாறு பேர். ஒன்றரை வருடத்துக்கு முன் புது மேலாளர் வந்தார். வந்த சூட்டோடு வெள்ளிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு 'கற்றல் நேரம்' என்று ஒன்றை ஆரம்பித்தார். அந்த வாரம் செய்த தப்பு ஒன்றை ஒவ்வொருவரும் எழுந்து நின்று சொல்ல வேண்டும். அதிலிருந்து என்ன கற்றோம் என்றும் சொல்ல வேண்டும். சொன்னவர் பெயருக்கு நேரே சுவரில் ஒரு பச்சை வட்டம் ஒட்டுவார்கள். "தப்பை ஒத்துக்கறவன்தான் வளருவான். இங்க யாருக்கும் தண்டனை கிடையாது" என்றார் மேலாளர். கேட்க நன்றாகத்தான் இருந்தது. முதல் மாதமே ஒரு மனிதர், பாவம், அதை நம்பி நிஜத் தப்பைச் சொல்லிவிட்டார். இருபது ஜோடி லென்ஸைத் தப்பாக அறுத்து வீணாக்கிய கதை. பச்சை வட்டம் கிடைத்தது. மறுவாரம் அவரைக் கீழ்த்தளத்தில் அட்டைப்பெட்டி மடிக்க அனுப்பினார்கள். தண்டனை இல்லையாம், புதுத் திறமை வளர்க்க வாய்ப்பாம்! இன்றைக்கும் மடித்துக்கொண்டிருக்கிறார். அன்றோடு பட்டறையில் யாருக்கும் சொந்தத் தப்பு கிடையாது.

எல்லோரும் வந்து நிற்பது இவரிடம்தான். பட்டறையில் இவருக்குப் பெயர் 'எதுக்கும்' அண்ணன். "எதுக்கும் ஒரு தடவை பாத்துடலாம்" என்று பத்தொன்பது வருடமாக நாளுக்கு நாற்பது முறை சொல்லிச் சம்பாதித்த பெயர். லென்ஸை மீட்டரில் வைத்துப் பவர் பார்ப்பார், எடுப்பார், எதுக்கும் மறுபடி வைப்பார். வீட்டிலும் இதே கூத்துதான். வேலைக்குக் கிளம்பித் தெருமுனை வரை போய்விட்டு, கேஸை மூடினோமா என்று பார்க்கத் திரும்பி வருவார். "மூடியாச்சு, நானும் வீட்லதான் இருக்கேன், போயிட்டு வாங்க சாமி" என்று மனைவி ஜன்னலிலிருந்து கும்பிடு போட்டால்தான் கால் நகரும்.

எது எப்படியெல்லாம் கெட்டுப்போகும் என்று இருபத்துநாலு மணி நேரமும் கவலைப்படுகிற மனுஷன். ஆகவே நடக்காத தப்புகள் அவரிடம் மூட்டை மூட்டையாக இருந்தன. ஆளுக்குத் தகுந்தாற்போல் எடுத்துக் கொடுப்பார். மேலாளரின் புருவம் ஏறும் அளவுக்குப் பெரிதாகவும் இருக்கக் கூடாது, கொட்டாவி வரும் அளவுக்குச் சின்னதாகவும் இருக்கக் கூடாது. தனக்குரியதைத் துண்டுச்சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். எழுந்து நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளுமே என்று பயம்.

கடைசிப் பரிசோதனை மேசையில் இருந்தவர் ஓய்வு பெற்று இரண்டு வாரமாகிறது. புது ஆள் வரும்வரை அவரவர் பொருத்தியதை அவரவரே பார்த்து அனுப்ப வேண்டும் என்று ஏற்பாடு. அந்த இடம் 'எதுக்கும்' அண்ணனுக்குத்தான் என்று பேசிக்கொண்டார்கள், திங்கட்கிழமை அறிவிப்பு. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் தருகிற நாற்காலி, வேறு யாருக்குப் பொருந்தும்? அவருக்கும் அதன்மேல் கொள்ளை ஆசை.

இந்தச் செவ்வாய்க்கிழமைதான் அது நடந்தது. நடந்ததா இல்லையா என்பதே அவருக்குத் தெரியவில்லை, கொடுமை அதுதான். வலது லென்ஸில் சிவப்புப் புள்ளி, இடது லென்ஸில் கறுப்புப் புள்ளி வைத்துக்கொள்வது அவர் வழக்கம். பொருத்தி முடித்துப் பார்த்த பிறகு துணியால் துடைத்துவிடுவார். அன்றைக்குத் துடைக்கிற நேரம் பார்த்து, பாலிஷ் போடும் அக்கா வந்து நின்றார். "அண்ணே, எனக்கு இப்பவே ஒரு தப்பு சொல்லிடுங்க. வியாழக்கிழமை உங்ககிட்ட ஒரே கூட்டம்." அக்காவுக்கேற்ற தப்பை யோசித்துக்கொண்டே துடைத்தார், உறையில் போட்டார், அனுப்பிவிட்டார். மறுநாள் காலை பல் துலக்கும்போதுதான் பொறி தட்டியது. அந்தச் சிவப்பு எந்தப் பக்கம் இருந்தது? இடப்பக்கமா?

பட்டறைக்குப் போனதும் வேலைச்சீட்டின் நகலைத் தேடி எடுத்தார். இரண்டு கண்ணுக்கும் பவரில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தொழில் என்ற இடத்தில் 'பேருந்து ஓட்டுநர்' என்று இருந்தது. நமக்குத்தான் எல்லாமே தப்பாகத் தெரியுமே, இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று தன்னையே தேற்றிப் பார்த்தார். வியாழக்கிழமை வந்தவர்களுக்கெல்லாம் தப்பு கொடுத்தார்; சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை தெருமுனையிலிருந்து அவர் திரும்பி வரவே இல்லை. ஜன்னலில் காத்திருந்த மனைவி பதறிப்போய் வாசலுக்கே ஓடி வந்து, "என்னங்க, உடம்புக்கு என்ன?" என்று கத்தினார். அதுவும் அவர் காதில் விழவில்லை.

ஒன்பதரைக்கு அந்தக் கண்ணாடிக் கடைக்குப் போன் போட்டார்.

"அவரா? புதன்கிழமையே வாங்கிட்டுப் போயிட்டாரே. நேத்து வந்து லேசா தலை சுத்துதுன்னாரு. புதுக் கண்ணாடி அப்படித்தான் இருக்கும், நாலு நாள்ல பழகிடும்னு சொல்லி அனுப்பினேன். ஏன், எதாவது தப்பா?"

"இல்ல இல்ல. சும்மா விசாரிச்சேன்."

போனை வைத்தார். ஒன்றரை வருடமாக ஊருக்கெல்லாம் பொய் சொல்லிக் கொடுத்தவர்தான். ஆனால் அந்த 'சும்மா' மட்டும் அவருக்கே பொறுக்கவில்லை. இதற்குள் அந்த மனிதர் எத்தனை வளைவு திரும்பியிருப்பார்!

பத்து மணி. மேலாளர் அறையில் நாற்காலிகள் நெருக்கிப் போடப்பட்டிருந்தன. ஒவ்வொருவராக எழுந்து, இரவல் வாங்கியதை ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தார்கள். சரக்கு அனுப்புகிறவர் எழுந்து, ஃபிரேமை ஈரத்துணியில் வைத்த கதையைச் சொன்னதும் பாலிஷ் அக்காவுக்கு முகம் வெளிறிவிட்டது. பக்கத்தில் இருந்த அண்ணன் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார்.

"அண்ணே, அது என் தப்பு! எனக்குக் குடுத்ததையே அவருக்கும் குடுத்துட்டீங்களா? அடுத்து நான்தானே, என்ன சொல்வேன்?"

கொடுத்ததைக் கொடுக்கிற ஆளில்லை அவர். இந்த வாரம் அவர் அவராக இல்லை. ஒரு கணம் அக்காவைப் பார்த்தார். பிறகு தன் சட்டைப்பையிலிருந்த துண்டுச்சீட்டை எடுத்து அக்காவின் கையில் வைத்து அழுத்தினார். அக்கா எழுந்து அதைத் தடுமாறாமல் படித்து, நல்லவேளையும் சொல்லி, பச்சை வட்டம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

அடுத்தது அவர். எழுந்ததும் கை பழக்கதோஷத்தில் சட்டைப்பைக்குப் போயிற்று. வேலைச்சீட்டின் நகல்தான் இருந்தது.

"செவ்வாய்க்கிழமை ஒரு வேலையில வலது லென்ஸை இடப்பக்கம் போட்டுட்டேன் சார். கைமாறிப் போயிடுச்சு. அவரு அதைத்தான் மாட்டிக்கிட்டிருக்காரு."

நல்லவேளை எப்போது வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வரவில்லை.

மேலாளர் பேனாவை மூடினார். "நிச்சயமா தெரியுமா? அவசரப்பட்டு எதையும் பதிவு பண்ண வேணாம். எதுக்கும் திங்கட்கிழமை ஒரு தடவை பாத்துட்டு…"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள்.

"நிச்சயமா தெரியாது சார். ஆனா திங்கட்கிழமை வரைக்கும் அவரு பஸ் ஓட்டுவாரே."

சொல்லிவிட்டு மேசையருகே போனார். அங்கிருந்த தொலைபேசியை மேலாளர் பக்கமாகத் திருப்பி வைத்தார். சீட்டை அதன் முன்னால் விரித்து, கடையின் எண்ணுக்குக் கீழே விரலை ஊன்றினார். மேலாளர் ரிசீவரை எடுக்கும்வரை அந்த விரலை எடுக்கவில்லை.