சீனி இறங்கிய நாள்

எங்கள் வீட்டில் ‘இறங்கிட்டு’ என்பது மகிழ்ச்சிக்குரிய சொல். பெரியப்பாவுக்கு நீரிழிவு. மாதந்தோறும் அவர் மருத்துவமனையில் குருதிச் சோதனை செய்து திரும்புகையில், அட்டையில் எழுதப்பட்ட எண்ணை அம்மாவே முதலிற் பார்ப்பார். முன்னையதிலும் குறைந்திருந்தால், “சீனி இறங்கிட்டு!” என்று அயலெல்லாம் கேட்க அறிவிப்பார். கூடியிருந்தால் அன்று பெரியப்பாவோடு எவரும் முகங்கொடுத்துப் பேசார். சீனி எவ்வளவுக்கு இறங்குமோ அவ்வளவுக்கு நலம் என்பது ஒன்பது வயதில் நான் கற்றுத் தெளிந்த மருத்துவம்.

ஆழிப்பேரலை பெரியகல்லாற்றிலிருந்த எங்கள் வீட்டைக் கொண்டுபோன பின், கடல் எட்டாத ஊரொன்றின் பாடசாலை வகுப்பறையில் தங்கினோம். நிவாரண வரிசைக்குப் போகும்போதெல்லாம் அம்மா இரு கடமைகளை என்னிடம் ஒப்படைப்பார்: பெரியப்பாவுக்கு நேரந்தவறாது நீரிழிவுக் குளிசை கொடுத்தல், பங்கீட்டில் கிடைத்த சீனிப்பையை அவரிடமிருந்து காத்தல். உள்ளங்கையில் சீனி வைத்து நக்கியபடி தேநீர் பருகும் பழக்கத்தை அவரால் விட இயலவில்லை. “பொலிஸ்காரி, ஒரு கிள்ளுத் தா மனே” என்று, மகளை அழைப்பதுபோல் கெஞ்சிக் கைநீட்டுவார். நான் இரங்கியதில்லை.

ஒரு முற்பகல், குளிசை விழுங்கிச் சிறிது நேரத்தில், அவருக்கு உடல் வியர்த்தது, கைகள் நடுங்கின. நாக்குழற, “சீனி… சீனி…” என்று கையை நீட்டினார். வழக்கமான நடிப்பென்று எண்ணிப் பையை மடியில் இறுக்கிக்கொண்டேன். நீட்டிய கை தளர்ந்து நிலத்தில் விழுந்தது.

காத்தான்குடியிலிருந்து சமைத்த உணவு கொண்டுவந்திருந்த பெண்மணி ஒருவர் அதைக் கண்டு ஓடிவந்தார். பெரியப்பாவின் ஈர நெற்றியைத் தொட்டவர் என் பக்கம் திரும்பினார்.

“குளிசை போட்டவரா?”

“ஓம், நான்தான் குடுத்த.”

“சாப்பிட்டவரா?”

“சாப்பிட்டனெண்டு சொன்னவர்.”

“சொன்னவரா, சாப்பிட்டவரா? வெறுவயித்தில குளிசை போட்டு சீனி இறங்கிட்டு மனே இவருக்கு!”

“நல்லம்தானே” என்றேன், பெருமிதத்தோடு.

“என்ன நல்லம்? ஆளப் பாரு! ஏறினாலும் கூடா, இப்பிடி இறங்கினாலும் கூடா. மடியில என்ன, சீனியா? தா கெதியா!”

அம்மாவின் கட்டளையை மீறுவது அதுவே முதன்முறை. நான் நீட்டிய பையை அப்பெண்மணி பல்லால் கிழித்து, சீனியை நீரில் கரைத்து, மிடறு அசைகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சிறிது சிறிதாகப் பருக்கினார். சற்று நேரத்தில் பெரியப்பாவின் கண்கள் தெளிந்தன.

தெளிந்ததும் அவர் பார்வை என்னையே தேடியது. “அம்மாட்டச் சொல்லிப்போடாத மனே” என்றார், மெல்ல.

சீனி உண்டதைத்தான் மறைக்கச் சொல்கிறார் என்று எண்ணித் தலையசைத்தேன். அன்று காலை, தமக்குப் போதும் என்று சொல்லி அவர் எனக்குத் தந்த உணவுப்பொதி, அவர் திறந்தே பாராத அவருடைய பங்கு என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.